நகராட்சியோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது, முதலில் எதைக் கேட்பது?

வடக்குத்தெரு வாசி:
வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். புதிதாக வந்த ஆணையர், "குப்பை, குளம், மரம் எதுவானாலும் மக்களோடு சேர்ந்து செய்யலாம், யோசனை கொடுங்கள்" என்று எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்திடம் சொல்லியிருக்கிறார். அடுத்த பகுதி சபாவில், அதாவது வார்டு மக்கள் கூடும் கூட்டத்தில், பேச வேண்டும். சங்கத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மரக்கன்று என்கிறார் ஒருவர், சோலார் விளக்கு என்கிறார் இன்னொருவர், விழிப்புணர்வுப் பேரணி வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. என் மனசை உறுத்துவது குப்பைதான். இரண்டு வாளி வைத்துப் பிரித்துக் கொடுத்த வீடுகள்கூட இப்போது விட்டுவிட்டன. கேட்டால், "வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க, நாங்க எதுக்குப் பிரிக்கணும்?" என்கிறார்கள். உண்மைதான், நானும் பார்த்தேன். நகராட்சியிடம் முதலில் எதைக் கேட்பது? எங்கள் பங்காக எதைச் செய்வதாகச் சொல்வது?

பரப்புரையாளர்:
சார், நான் வேறொரு நகராட்சியில் தூய்மைப் பரப்புரையாளர். வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பேரணி அப்புறம் இருக்கட்டும். முதலில் வண்டியைக் கேளுங்கள்.

உங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியும் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டியும் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதித் தொட்டி உடைந்து கிடந்தால் பணியாளர் என்ன செய்வார்? மிச்சம் இருக்கிற தொட்டியில்தான் எல்லாவற்றையும் போடுவார். அதைப் பார்த்த வீட்டில் மறுநாள் ஒரே வாளிதான் வெளியே வரும். அதற்குப் பிறகு நான் போய் எவ்வளவு பேசினாலும் எடுபடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக்காரர் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துப் போகும் பொறுப்பை உள்ளாட்சிக்கும் வைத்தன. நாம் முதல் பாதியை மட்டும் சுவரில் எழுதிவிட்டு, இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

அடுத்தது, தெருக்காரர்களை ஒருநாள் காலையில், குப்பையைப் பிரித்து உரமாக்கும் உரக்கூடத்துக்குக் கூட்டிப் போக அனுமதி கேளுங்கள். வண்டிகள் வந்து இறக்கிய நேரமாக இருந்தால் நல்லது. பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கேரி பேக்காக முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே சாம்பார் சாதம், நாப்கின், உடைந்த பாட்டில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கையுறையோடு அந்த முடிச்சு அவிழாது. கழற்றி வைத்துவிட்டு நகத்தால்தான் அவிழ்க்கிறார்கள். கண்ணாடி கிழித்த தழும்பு இல்லாத கை அங்கே குறைவு. இதை நேரில் பார்த்துவிட்டு வந்த வீடுகளில் அப்புறம் முடிச்சுப் போட்ட பை வந்து நான் பார்த்ததில்லை.

சுத்தமாக வரும் காய்கறிக் கழிவுக்குச் சாணக் கரைசல் தெளித்துக் கிளறி விட்டுக்கொண்டிருந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் நல்ல உரம் கிடைத்துவிடும். அதில் ஒரு பங்கை உங்கள் தெருவுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். தான் கொடுத்தது என்னவாயிற்று என்று ஜனங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் பங்கு என்றால், முதல் சில வாரம் வண்டி வரும்போது சங்கத்து ஆள் ஒருவர் கூடவே நடந்து வாருங்கள். நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க வீடுகளில் பேசுங்கள். இந்தப் பேச்சைப் பெண்கள் பேசினால்தான் சரியாக வரும்.

நாகர்கோவில்காரன்:
அக்கா சொன்னதோடு கேரளத்து ஆலப்புழை கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நகராட்சியின் குப்பை சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் ஈயும் தாங்காமல் 2012-இல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லை என்றான பிறகுதான், குப்பையை ஊருக்கு வெளியே தள்ளும் பழக்கத்தையே நகராட்சி கைவிட்டது. வீடுகளுக்குப் பைப் கம்போஸ்ட் (குழாய்க்குள் குப்பையைப் போட்டு உரமாக்குவது), இடமிருந்தால் பயோகேஸ் என்று மானியத்தில் கொடுத்தார்கள். வீட்டில் வசதி இல்லாதவர்களுக்குத் தெருவோரம் காற்றோட்டமான உரத்தொட்டிகள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

பாராட்டெல்லாம் நகரத்துக்குப் போனது. என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு சர்வோதயபுரத்துக்காரர்களுக்குச் சேர வேண்டும். உங்கள் ஊர்க் குப்பைக்கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களையும் அழைத்துப் பேச வையுங்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கிற முடிவு அரைகுறைதான்.

மின்கட்டணம்:
சோலார் கேட்டவரை ஒதுக்கிவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி, கையிருப்பையும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் உங்கள் நகராட்சி மாதம் எவ்வளவு கட்டுகிறது என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகை தெரிந்த பிறகு பேசினால் பேச்சுக்கு எடை கூடும்.

வடக்குத்தெரு வாசி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒரு சந்தேகம். வண்டியைப் பற்றிக் கேட்டால், "அது ஒப்பந்தக்காரர் வண்டி, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார்கள்.

பரப்புரையாளர்:
வண்டி யாருடையதாக இருந்தாலும் பில்லை அனுமதிப்பது நகராட்சிதான். ஒப்பந்தத்தில் பிரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறதா, எடுக்காவிட்டால் பிடித்தம் உண்டா என்று பகுதி சபாவில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். இன்னொன்று, தயவுசெய்து தூய்மைப் பணியாளர்மேல் புகார் எழுதிவிடாதீர்கள், கூலி போய்விடும். வண்டி எண்ணையும் எத்தனை தொட்டி உடைந்திருக்கிறது என்பதையும் மட்டும் எழுதுங்கள், போதும்.