உதவி: 1803 வன்னிக் காட்டில் நடக்கும் பேய் கேம், பனிமூட்டம் தெரியவில்லை, கேம் ஊர்கிறது

ஒட்டுசுட்டான்_பொடியன்:

வணக்கம். கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4இல் தனியாக ஒரு பேய் கேம் செய்கிறேன். காலம் 1803 நவம்பர். கற்சிலைமடுவில் ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்த பிறகு, வெள்ளைக்காரருக்குக் கணக்கெழுத வந்த ஒரு கணக்கப்பிள்ளை படையைத் தவறவிட்டுவிடுகிறார். இரவோடு இரவாகக் காட்டுக்குள்ளால் முல்லைத்தீவுக் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். காடேறி என்ற காட்டுப் பேய் பின்தொடரும். பண்டாரவன்னியனின் ஆவி கடைசியில் வரும்.

பிரச்சினை என்னவென்றால் காடு பயமாகவே இல்லை. பனிமூட்டத்துக்கென்று ஃபொக் வொல்யூம் போட்டேன், மூட்டம் துளிகூடத் தெரியவில்லை. லப்டொப் பழையது, தனி கிராபிக்ஸ் காட் இல்லை, அதனால் பழைய மெசினுக்கான கொம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில் (காட்சியை வரையும் முறை) ஓட்டுகிறேன். பாலை, முதிரை, வீரை என்று 6,000 மரம் நட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளை லாந்தரைத் தூக்கினால் செக்கனுக்கு 9 பிரேம்தான். காடேறி வந்து சேருவதற்குள் கேம் செத்துவிடுகிறது.

இன்னொன்று: ஓலை ஏட்டை வாசிக்கும் இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். ‘கொ’ வரும்போது முதலில் ‘க’ தெரிந்து, பிறகு அது வலப்பக்கம் துள்ளுகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. யாராவது வழி சொல்லுங்கோ.

வவுனியா_வயர்:

தம்பி, ஃபொக் வொல்யூமுக்குத் தேவையான வொல்யூமெட்ரிக் ஃபொக் போர்வேட் பிளஸ் ரெண்டரரில் மட்டும்தான் வேலை செய்யும். நோடுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் நிற்குமே, அதைத் தட்டிப் பாருங்கோ, அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் மெசினில் அதற்கு ஆசைப்பட வேண்டாம். என்வயரன்மென்ட்டில் இருக்கும் சாதாரண ஃபொக் போதும், அது கொம்பாட்டிபிலிட்டியிலும் வரும். நிறத்தை வெள்ளையாக விடாதீர்கள். இருட்டு நீலமும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு நிறம் கொடுங்கோ.

வேகத்துக்கு வருவோம். 6,000 மரமும் தனித்தனி மெஷ் நோடாக இருந்தால் எந்த மெசினும் திணறும். ஒரே வடிவத்தைப் பல இடங்களில் ஒரே தடவையில் வரையும் மல்டிமெஷ்ஷுக்கு மாற்றுங்கோ. ஆனால் முழுக் காட்டையும் ஒரே மல்டிமெஷ்ஷில் அடைக்கக் கூடாது. அதில் ஒரு மரம் கமராவுக்குள் வந்தாலும் மொத்தக் காட்டையும் வரையும். 20 மீற்றர் சதுரக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு மல்டிமெஷ் வையுங்கோ. ஒவ்வொன்றுக்கும் விசிபிலிட்டி ரேஞ்ச் (எவ்வளவு தூரம்வரை தெரியும் என்பது) 50 மீற்றரில் முடியட்டும். மெதுவாக மறையும் ஃபேட் வசதியும் போர்வேட் பிளஸ்ஸுக்குத்தான். பரவாயில்லை, ஃபொக் 35 மீற்றரிலேயே எல்லாவற்றையும் மூடிவிட்டால் மரம் சட்டென்று காணாமல் போவது யாருக்குத் தெரியப்போகிறது?

இலைகளின் மெற்றீரியலில் டிரான்ஸ்பரன்சி ‘அல்பா’ என்று இருந்தால் ‘அல்பா சிசர்’ ஆக்குங்கோ. அப்புறம் அந்த லாந்தர். எல்லாப் பக்கமும் ஒளி வீசும் ஒம்னி லைட்டில் நிழலைப் போட்டால் ஆறு திசைக்கும் தனித்தனியாகக் காட்சியை வரையும். லாந்தரைத் தூக்கியதும் கேம் சாவது அதனால்தான். நிழல் வேண்டுமென்றால் முன்பக்கம் பார்க்கும் ஸ்பொட் லைட் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கோ.

பனிச்சங்காய்:

மண்ணெண்ணெய் லாந்தரா? 1803இலா? மண்ணெண்ணெயே 1850களில்தான் பாவனைக்கு வந்தது. கணக்கப்பிள்ளையின் கையில் பந்தமோ தென்னோலைச் சூளோ கொடுங்கோ தம்பி. நவம்பர் என்றால் மாரி. மழை பெய்தால் சூள் அணையும். லாந்தரை விட இது உங்கள் கேமுக்கு எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பாருங்கோ. விளையாடுகிறவர் மழை ஓயும்வரை ஒரு மரத்தடியில் இருட்டில் நிற்கத்தான் வேண்டும்.

நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தேன். காலடியில் சருகு சரசரக்கிறது. அது ஆவணிச் சத்தம். மாரியில் சேறும் தவளையும்தான். ஆட்காட்டிக் குருவியைச் சேருங்கோ. வெளியில் ஆள் நடமாட்டம் பட்டால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும். காடேறிக்கு உருவமே வேண்டாம். நீங்கள் அசையாமல் நிற்கும்போது தூரத்தில் ஆட்காட்டி கத்தினால் போதும், ஊர்ச்சனம் எல்லாருக்கும் விளங்கும். பாதை ஓரத்தில் உண்ணிச்செடி பூத்திருக்கிறது, அதையும் பிடுங்குங்கோ. அது பிறகு வெள்ளைக்காரர் தோட்டத்துக்கென்று கொண்டுவந்து காடேறிய செடி.

பண்டாரவன்னியனை ஆவியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கற்சிலைமடுக் கல்லில் தோற்கடிக்கப்பட்டார் என்றுதான் பொறித்திருந்தது, கொல்லப்பட்டார் என்று இல்லை. உயிரோடு காட்டுக்குள் இருக்கிற மனிதனை ஏன் பேயாக்குகிறீர்கள்? இரண்டு மாதத்துக்கு முன், ஓகஸ்ட்டில், அதே முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துப் பீரங்கி கொண்டுபோனவர். உங்கள் கணக்கப்பிள்ளை காடேறிக்குப் பயப்படுவதை விட அவருடைய ஆட்களுக்கு அதிகம் பயப்படுவார். ஐயனாரையும் பேய்க்கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவர் காவல் தெய்வம், அவருடைய கோவிலடியை சேவ் பொயின்ட் ஆக்கலாம்.

நந்திக்கடல்:

எழுத்து துள்ளுவதற்கு: கோடோ 3இல் தமிழ் எழுத்தே உடைந்துதான் வரும், 4இல் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் லேபிளில் ‘விசிபிள் கரக்டர்ஸ் பிஹேவியர்’ என்று ஒன்று இருக்கிறது. அது இயல்பாக, எழுத்தை அடுக்குவதற்கு முன்பே எண்ணிக்கையை வெட்டிவிடும். ‘க’ ஒரு எழுத்து, கொம்பும் காலும் சேர்ந்தது இன்னொன்று என்று எடுப்பதால்தான் துள்ளல். அதைக் ‘கிளிஃப்ஸ் ஆட்டோ’ ஆக்கி, எண்ணிக்கைக்குப் பதிலாக ‘விசிபிள் ரேஷியோ’வை 0இலிருந்து 1 வரை ஓட்டுங்கோ.

ஒட்டுசுட்டான்_பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. வயர் அண்ணை சொன்னபடி கட்டம் வெட்டினேன், இப்போது 38 பிரேம் வருகிறது, மழை பெய்யும்போது 31. எழுத்தும் சரி. ‘கொ’வில் கொம்பு முதலில் வந்து, பிறகு ‘க’, பிறகு கால் வருகிறது, யாரோ கையால் எழுதுகிற மாதிரி. பனிச்சங்காய் அக்கா, லாந்தர் போய்ச் சூள் வந்துவிட்டது. ஆவியையும் எடுத்துவிட்டேன். இப்போது கடைசிக் கட்டத்தில் மரங்களுக்கு இடையில் சூள் வெளிச்சங்கள் மட்டும் நகரும், யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

புதுச் சிக்கல்: மல்டிமெஷ் போட்டதிலிருந்து, கேமில் வரும் யானை மரத்துக்குள்ளால் நேராக நடந்து வருகிறது. கணக்கப்பிள்ளையும் அப்படித்தான்.

வவுனியா_வயர்:

மல்டிமெஷ் வெறும் படம், அதற்கு மோதல் கிடையாது. கட்டத்துக்கு ஒரு ஸ்டாட்டிக் பொடி (அசையாத மோதல் பொருள்) வைத்து, மர இடங்களில் சிலிண்டர் வடிவங்களைப் புரோகிராம் எழுதிச் சேர்க்க வேண்டும். ஆள் நிற்கும் கட்டத்துக்கும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்கும் மட்டும் போதும், மற்றதை அகற்றிவிடுங்கோ. யானைக்குக் கொலிஷன் லேயரை (எது எதோடு மோதும் என்ற பிரிவு) தனியாகப் பிரியுங்கோ. பாலையும் முதிரையும் தடுக்கட்டும், பற்றையை அது மிதித்துக்கொண்டுதானே வரும்.