குடும்பக் குழுவில் ஜி.என். ராமச்சந்திரன்

பாப்பா: நாளை அக்டோபர் 8. எங்கள் பயோடெக் துறையில் புரத ஆய்வாளர் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். ஐந்து நிமிடம் பேச என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நெட்டில் இருப்பதைப் படித்துவிட்டேன். யாராவது உருப்படியாக ஏதாவது சொல்லுங்களேன்.

பெரியப்பா: (ஃபார்வேர்டு) சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்!!! உலகம் மறைத்த உண்மை!!! பறிபோன நோபல்!!! பத்துப் பேருக்கு அனுப்பவும்!!!

பெரியப்பா: இதை அப்படியே படித்துவிடு பாப்பா. கைதட்டல் நிச்சயம்.

அத்தை: அண்ணா, குழந்தையை மேடையில் மாட்டிவிடாதே. சி.டி. ஸ்கேன் கருவியைச் செய்தவர் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு. அதற்கான கணிதத்தை முன்பே யோசித்தவர் கார்மாக். 1979 நோபல் அவர்கள் இருவருக்கும் போனது. அதில் திருட்டு ஒன்றும் இல்லை.

பெரியப்பா: அப்போ நம் ஆள் ஒன்றும் செய்யவில்லையா?

அத்தை: செய்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு மீட்க ஒரு சுருக்கு வழி. 1971-இல் ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் எழுதியது. கம்ப்யூட்டருக்கு வேலை நிறையக் குறைந்தது. அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு அது பெரிய உபகாரம்.

சித்தப்பா: ஒரு நிமிஷம் அக்கா. எங்கள் ஆபீஸ் ஸ்கேன் மென்பொருளில் ராம்-லாக் என்று ஒரு ஃபில்ட்டர் இருக்கிறது. தினமும் தேர்ந்தெடுக்கிறேன். அந்த ராம் இவரா?

அத்தை: இவரேதான் தம்பி. லாக் என்பது லட்சுமிநாராயணன்.

சித்தி: பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறார். யார் அது, எந்த ஊர்க்காரர் என்று கேட்கிறார்.

அத்தை: பிறந்தது 1922-இல் எர்ணாகுளத்தில். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பூர்வீகம் நம் திருநெல்வேலிச் சீமை, கோபாலசமுத்திரம். பெயரில் முன்னால் நிற்கும் ஜி அந்த ஊர்தான்.

சித்தி: போச்சு. சேரன்மாதேவிப் பக்கம்தானே என்கிறார். ராத்திரிக்குள் அவர் நமக்கு ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார்.

பாப்பா: அத்தை, நீங்கள் கிண்டியில் படித்தபோது அவர் இருந்தாரா?

அத்தை: இல்லைடி. நான் சேர்வதற்குப் பல வருடம் முன்பே பெங்களூர் போய்விட்டார். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் படித்துவிட்டு அவர் பெயரைக் கேட்காமல் வெளியே வர முடியாது. மாணவராக இருந்த காலத்தில் பெங்களூரில் முதலில் மின்பொறியியலில் சேர்ந்திருந்தார். சி.வி. ராமன் பார்த்துவிட்டுத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ராமனைக் கூப்பிட்டார். ராமன் வரவில்லை, இவரைக் கைகாட்டினார். 1952-இல் துறைத் தலைவர், வயது முப்பது.

சித்தப்பா: முப்பதில் நான் லோன் கட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா: இப்போதும் அதைத்தானே கட்டுகிறாய்.

பாப்பா: கொலாஜன் கதை எனக்குப் பாதிதான் புரிந்தது அத்தை. அவர் ஏன் அதை எடுத்தார்?

அத்தை: பெர்னல் என்ற பெரிய விஞ்ஞானி சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் அது. இவருக்குப் பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றால் கொலாஜன்தானே! அங்கிருந்து சுறாத் துடுப்புக் கொலாஜன் வாங்கினார். அப்புறம் கங்காரு வால் தசைநாண் வந்தது. எக்ஸ்ரே படம் அதில்தான் நன்றாக விழுந்தது.

சித்தி: கங்காரு வாலா! பாட்டி ராம ராமா என்கிறார்.

அத்தை: படத்தை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் சொன்னது: மூன்று இழை, ஒன்றோடொன்று சுற்றியிருக்கிறது. பாட்டிக்குச் சொல், நம் சடைப் பின்னல் மாதிரி. நடுவில் இடம் மிகக் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களிலேயே சின்னது.

பாப்பா: ஆமாம், கிளைசின் வேறானால் எலும்பு நோயே வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். இப்போதுதான் காரணம் உறைக்கிறது.

அத்தை: கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று குறை சொன்னார்கள். இன்னொருவராக இருந்தால் பதிலுக்கு ஒரு கடுதாசி எழுதியிருப்பார். இவர், எவ்வளவு நெருங்கினால் அளவுக்கு மீறியது, அதை முதலில் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். சசிசேகரன், ராமகிருஷ்ணன் என்று இரண்டு மாணவர்கள் கூட. 1963-இல் அந்தப் படம் வந்தது.

பாப்பா: ராமச்சந்திரன் பிளாட், அந்த வரைபடம்! அதை நான் சொல்கிறேன். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் திருகக்கூடிய பிணைப்பு இரண்டு. ஒன்றின் கோணம் ஃபை, அது படத்தின் கிடை அச்சு; மற்றது சை, அது செங்குத்து அச்சு. இரண்டும் மைனஸ் 180-இலிருந்து 180 வரை போகலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் அணுக்கள் இடிக்கிறதா என்று தூரத்தைக் கணக்கிட வேண்டும். இடித்தால் அந்த இடம் கிடையாது. கடைசியில் படத்தில் பெரும்பகுதி காலி. புரதச் சங்கிலி சுருளாகச் சுற்றும் ஆல்ஃபா ஹீலிக்ஸும் தகடு போல அமையும் பீட்டா ஷீட்டும் மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும்.

அத்தை: சபாஷ். இதையே சொல். அத்தனை தூரத்தையும் மேசைக் கணக்குப் பொறியில் தட்டித் தட்டிப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்.

பாப்பா: எங்கள் லேபில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிடுவதற்கு முன் இந்தப் படத்தில் போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள்.

சித்தி: வீட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. பெண்டாட்டி, பிள்ளைகள்?

அத்தை: அதைத்தான் சொல்ல வந்தேன். மனைவி ராஜலட்சுமி, ராஜம் என்று கூப்பிடுவார்கள். 1945-இல் கல்யாணம். மூன்று பிள்ளைகள். மூத்தவர் ரமேஷ் நாராயண், ஹார்வர்டில் வானியற்பியல் பேராசிரியர். கருந்துளையைப் படம் பிடித்தார்களே, அந்தக் குழுவில் இருக்கிறார்.

பெரியப்பா: தாத்தா கணக்கு, அப்பா புரதம், பிள்ளை கருந்துளையா? இதை ஃபார்வேர்டு செய்யலாமா?

அத்தை: இது உண்மை, தாராளமாகச் செய். ராமச்சந்திரன் வேலையில் மூழ்கினால் உலகம் தெரியாது. மனச்சோர்வும் அவரை அலைக்கழித்தது. பிற்பாடு பார்க்கின்சன் நோய். இத்தனைக்கும் நடுவில் அவரைத் தாங்கிப் பிடித்தவர் ராஜம். 1998-இல் ராஜம் போய்விட்டார். அதோடு இவர் உடைந்துபோனார். மறுவருடம் படிகவியலின் எவால்டு பரிசு வந்தபோது கூட நிற்க ராஜம் இல்லை. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் இவரும் போய்ச் சேர்ந்தார்.

பாப்பா: எங்கள் சார், குடும்பக் கதை வேண்டாம், சயின்ஸ் மட்டும் பேசு என்றார், அத்தை.

அத்தை: பட்டம், பரிசுப் பட்டியலை வெட்டு. 1977-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று ஒரு வரி போதும். ராஜத்தை வெட்டாதே. அரை நிமிஷம் ஆகாது. அந்த அம்மா இல்லாமல் அந்தப் படம் வந்திருக்குமா என்று உன் சாரைக் கேள்.

சித்தப்பா: கேட்டு இன்டர்னல் மார்க்கைக் குறைத்துக்கொள்ளாதே பாப்பா. கேட்காமல் பேசிவிடு.

பாப்பா: ராஜம் இருக்கிறார் அத்தை. பெங்களூர்ப் பகுதியைக் குறைக்கிறேன். 1971, அங்கே ஐ.ஐ.எஸ்ஸியில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார், அவ்வளவுதான்.

அத்தை: அது போதும்.

சித்தி: பாட்டி ஒரு விஷயம் சொல்லச் சொல்கிறார். கோபாலசமுத்திரத்தில் தன் சித்தப்பா மகளைக் கொடுத்திருக்கிறார்களாம்.

பெரியப்பா: ஆரம்பித்தாயிற்றா? பாப்பா, நாளைக்கு யாரையாவது வீடியோ எடுக்கச் சொல். மைக்கை வாயருகே பிடி, அம்மாவுக்குக் காது கேட்காது.