மாமாவுக்கு ஹெச்.ஐ.வி., அக்காவுக்கு இல்லை: மரபணு காரணமா?

முதுநகர்_தம்பி:
கடலூர் துறைமுகத்தில் படகு இன்ஜின் வேலை பார்க்கும் எங்கள் மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) ஹெச்.ஐ.வி. இருப்பது போன மாதம் தெரிந்தது. தொற்றி சில வருடம் ஆகியிருக்கும் என்கிறார்கள். அக்காவுக்கு டெஸ்டில் இல்லை என்று வந்தது. அம்மா உடனே "நம்ம வம்சத்து ரத்தத்துல அதெல்லாம் ஒட்டாது" என்று ஆரம்பித்துவிட்டார். சிலரை மரபணுவே காப்பாற்றும் என்று நானும் படித்தேன். அக்கா அதையே பிடித்துக்கொண்டு மறுபடி டெஸ்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். பாண்டியில் அந்த மரபணுவைப் பார்த்துச் சொல்வார்களா?

கோரிமேடு_லேப்:
ரத்தப் பரிசோதனை லேபிலேயே தலை நரைத்தவன் நான். மரபணு விஷயம் உண்மைதான் தம்பி. வெள்ளை அணுவின் மேல் சிடி4 என்று ஒரு புரதம், பக்கத்தில் சிசிஆர்5. படகை இரண்டு கயிற்றால் கட்டுவதுபோல வைரஸ் பெரும்பாலும் இரண்டையும் பிடித்தால்தான் உள்ளே நுழையும். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து விடுபட்ட ஒரு வகை உண்டு, 1996-இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் அது வந்தால் சிசிஆர்5 அணுவின் மேலே வராது. வைரஸுக்குப் பிடி கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். நம் ஊரில் மிக மிக அரிது. அவர்களுக்கும் முழுக் காப்பு கிடையாது, சிசிஆர்5 இல்லாமல் வேறு புரதத்தைப் பிடித்து நுழையும் வைரஸும் இருக்கிறது.

பாகூர்_வாசு:
பத்தில் ஒருவருக்கு உண்டு என்று படித்தேனே? ஹெச்.எல்.ஏ. பி57 என்றும் ஒரு மரபணு வகையைச் சொல்கிறார்களே?

கோரிமேடு_லேப்:
வாசு சார், பத்தில் ஒருவர் என்பதும் அதே ஐரோப்பியக் கணக்குதான், அதுவும் ஒரு பக்கம் மட்டும் வந்தவர்கள். தொற்று அவர்களுக்கும் வரும், நோய் முற்றுவது கொஞ்சம் தாமதமாகும். பி57-உம் அதுபோன்ற பி27-உம் வேறு கதை. அவை வாசலில் தடுப்பதில்லை. தொற்றிய பிறகு சிலருக்கு வைரஸை அடக்கி வைக்க உதவும். சிசிஆர்5-ஐயும் இவற்றையும் போட்டுக் குழப்பாத ஆளை இணையத்தில் நான் பார்த்ததில்லை.

தம்பி, உங்கள் அக்காவுக்கு வராததற்கு வம்சத்தை இழுக்கவே வேண்டாம். சிகிச்சை எடுக்காத கணவனோடு ஆணுறை இல்லாமல் சேர்ந்தாலும், மனைவிக்குத் தொற்றுவது சராசரியாகப் பத்தாயிரம் தடவைக்கு எட்டு என்ற அளவுதான். பால்வினை நோய் இருந்தாலோ, கணவருக்குப் புதிதாகத் தொற்றிய சமயமாக இருந்தாலோ ஆபத்து எகிறும். இத்தனை நாள் தப்பியது நாளைக்குத் தப்பும் என்பதற்கு ஜாமீன் இல்லை. கடைசியாகச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தே ஆகவேண்டும். மரபணு டெஸ்டுக்குக் காசு போடாதீர்கள். நம்பிக்கை மையத்தில் (அரசின் ஹெச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஹெச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம்.

மஞ்சை_டீச்சர்:
எனக்கு இருக்கிறது, வீட்டுக்காரருக்கு இல்லை. ஏ.ஆர்.டி. மாத்திரை (ஹெச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து) தவறாமல் போட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் உடலுறவில் பரவாது. மாமா மாத்திரையை ஆரம்பித்துவிட்டாரா? முதலில் அதைப் பாருங்கள். அதுவரை ஆணுறை.

முதுநகர்_தம்பி:
ஆரம்பித்துவிட்டார் டீச்சர். தெரிந்தவர் யாராவது மையத்தில் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் அக்காவின் பயம் என்று இப்போது தோன்றுகிறது.

கோரிமேடு_லேப்:
அப்படியென்றால் பாண்டிக்கு அழைத்து வாருங்கள். இங்கேயும் இலவசம்தான். சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்தாயிற்று. நேரில் வருவதற்கு முன் பேசவேண்டும் என்றால் 1097, ஹெச்.ஐ.வி. உதவிக்கான கட்டணமில்லா எண். அக்காவே பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள்.