வேலை பூரா பொம்பளைங்க, தலைமை மட்டும் ஏன் ஆம்பளைங்க? (காரைக்குடி பக்கம் உள்ள சிறப்புப் பிள்ளைகள் மையங்கள் பத்தி)

கல்லல் டீச்சர்:
எங்க பக்கத்துல ஒரு பகல்நேர மையம் இருக்கு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது, பேரு வேண்டாம். தலைவரு வயசாயிடுச்சுன்னு விலகுறாரு. அடுத்தது யாருன்னு பேச்சு வந்தா கமிட்டியில இருக்க ஆம்பளைங்க பேரு மட்டுந்தான் ஓடுது. ஸ்பெஷல் எஜுகேட்டர், பிசியோ, ஆயாம்மா, சமையல்னு அங்க வேலை பாக்குற அத்தனை பேரும் பொம்பளைங்க. சீனியர் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவங்க, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு எப்ப வரும் எந்த அம்மா வீட்ல என்ன கஷ்டம்னு எல்லாம் தெரிஞ்சவங்க. அவங்க பேரை சொன்னதுக்கு "அவங்க பாடம் நடத்தட்டும்மா"ன்னு முடிச்சுட்டாங்க.

இதனால என்ன ஆகுதுன்னு ஒண்ணு சொல்றேன். கடைசியா வந்த நன்கொடையில முகப்புக்குப் புதுசா ஆத்தங்குடி கல்லு பதிச்சாங்க. அழகுதான், இல்லேங்கல. ஆனா தண்ணி பட்டா காலிப்பர் (காலைத் தாங்குற பட்டை) போட்ட பிள்ளை சறுக்குது, பாத்ரூம்ல புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி இன்னும் கிடையாது. பிள்ளைய டாய்லெட் கூட்டிட்டுப் போற ஒருத்தங்க அந்த மீட்டிங்ல உக்காந்திருந்தா கம்பி வந்த பிறகுதான் கல்லு வந்திருக்கும்.

பள்ளத்தூர்க்காரன்:
டீச்சர், உங்க ஆதங்கம் புரியுது. நானும் ஒரு டிரஸ்ட்ல இருக்கேன், அதனால சொல்றேன். தலைவர் வேலைங்கிறது வகுப்பு நடத்துறது இல்ல. சம்பளத்துக்குப் பணம் புரட்டணும், சென்னை சிங்கப்பூர் மலேசியான்னு இருக்க நம்ம ஆளுங்ககிட்ட பேசணும், சிவகங்கைக்கு நாலு தடவ நடந்து கிராண்ட் ஃபைலை நகத்தணும், ஆடிட் பாக்கணும். நல்ல டீச்சரைத் தூக்கி ஆபீஸ்ல உக்கார வச்சா வகுப்பும் போச்சு ஆபீசும் போச்சு. பொம்பளைன்னு நான் சொல்லல, அந்த வேலைக்குப் பழக்கம் உள்ளவங்க வேணும்.

கல்லல் டீச்சர்:
அண்ணே, அந்தப் பழக்கம் அவங்களுக்கு எப்படி வரும், கமிட்டிக்குள்ளயே விடலையே. பணம் புரட்ட பொம்பளைங்களால முடியாதுன்னா, சென்னையில மனநோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் 1984ல ஆரம்பிச்சது டாக்டர் சாரதா மேனன், தெருவுல விடப்பட்ட மனநோயாளிப் பொண்ணுங்களுக்கான பானியன் 1993ல ஆரம்பிச்சது ரெண்டு இளம் பொண்ணுங்க, ஊனமுள்ள பிள்ளைகளுக்கான வித்யாசாகரைக் கட்டி எழுப்புனது பூனம் நடராஜன், ஊனமுள்ள பிள்ளையோட அம்மா. இவங்களுக்கெல்லாம் யாரு போய்ப் பணம் வாங்கிக் குடுத்தா? சென்னை வேற நம்ம ஊரு வேறன்னு சொல்வீங்க. பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 1890கள்லயே பொம்பளைங்க ஆரம்பிச்சதுதான், ஆஸ்க்வித் அம்மாவும் ஸ்வெய்ன்சன் அம்மாவும்.

பள்ளத்தூர்க்காரன்:
அவங்க மிஷனரி டீச்சர், பின்னால ஒரு சபையே நின்னுச்சு. மத்தவங்க சென்னையில டாக்டர் வக்கீல் பழக்கம் உள்ளவங்க. நம்ம டீச்சர் அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வீட்ல சண்டை வரும்னு ஓடுறவங்க. இதையும் யோசிக்கணும்ல.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, நான் ஒரு மகளோட அம்மா, அவளுக்குப் புத்தி வளர்ச்சி கம்மி. பஸ் விஷயம் பெருசா தெரியுது உங்களுக்கு. அந்தக் காலத்துல நம்ம ஆம்பளைக பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (தொழில் பாக்க) போனா மூணு வருசம் கழிச்சுத்தான் திரும்புவாக. அதுவரைக்கும் வளவு (வீடு) நிர்வாகம், வயக்காடு, நல்லது கெட்டது, கணக்கு எல்லாம் யாரு பாத்தா? ஆச்சிமார் பணம்னு கடைப் பேரேட்டுல தனியாவே வரவு இருந்துச்சு. கணக்கு எங்களுக்குப் புதுசு இல்ல.

இதைச் சொல்லக் கூச்சமா இருந்தாலும் சொல்றேன். என் மக பெரியவளானப்ப, அவ போய்ட்டிருந்த எடத்துல ஒரு நிர்வாகி, நல்ல மனுசன்தான், "கர்ப்பப்பையை எடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் சுலபம்"னாரு. 1994ல புனேயில அரசு இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செஞ்சு நாடே கொதிச்சுச்சு. அங்க இருந்த ஆயாம்மா ஒருத்திதான் பொறுமையா சொல்லிக் குடுத்தா, காலண்டர்ல சிவப்புப் பொட்டு வச்சு, பொம்மைக்கு நாப்கின் மாட்டிக் காட்டி. இப்ப என் மக தானே மாத்திக்கிறா. அந்த ஆயாம்மாவுக்குத் தெரிஞ்சது அந்த நிர்வாகிக்குத் தெரியல, ஆனா முடிவு எடுக்குற எடத்துல அவருதான் இருந்தாரு.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி, அவரு சொன்னது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. நீங்க சொல்றது கமிட்டியில பொம்பளைங்க இருக்கணும்னு. சரி, ரெண்டு பேரைச் சேப்போம். அதுக்குத் தலைவரே அவங்களாத்தான் இருக்கணும்னு அர்த்தமா?

வீல்சேர் புதுவயல்:
ரொம்ப நேரமா படிச்சிட்டு வர்றேன். ஆம்பளையா பொம்பளையான்னு இவ்ளோ பேசுறீங்க, எங்கள்ல ஒருத்தரு அந்த நாற்காலியில உக்காரலாம்னு யாருக்குமே தோணலையே. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல மனவளர்ச்சி குன்றியவங்க மாதிரி ஆளுங்களுக்கு கார்டியன் போடுற மாவட்டக் கமிட்டிக்கு மூணே பேரு, கலெக்டர், பதிவு பெற்ற அமைப்புல ஒருத்தர், ஒரு மாற்றுத்திறனாளி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாநில ஆலோசனை வாரியத்துக்கு மாற்றுத்திறனாளிகள்னு போடுற பத்துப் பேர்ல அஞ்சு பேராவது பொண்ணுங்களா இருக்கணும். 2025ல உள்ளாட்சிக்கே எங்களை நியமிக்கச் சட்டம் வந்தாச்சு. உங்க டிரஸ்ட்ல எத்தனை பேரு? திருவண்ணாமலையில ப்ரீத்தி சீனிவாசன் கழுத்துக்குக் கீழ அசைவில்லாம இருந்துக்கிட்டே சோல்ஃப்ரீ அமைப்பை நடத்துறாங்க, தண்டுவடம் அடிபட்டவங்களுக்காக. அவங்க எந்த பஸ்ஸுக்கு ஓடுறாங்க?

கல்லல் டீச்சர்:
தம்பி சொல்றது நியாயம், ஆனா ஒண்ணு. எங்க பிள்ளைகள்ல பாதிப் பேருக்குப் பேச்சு கிடையாது. வீல்சேர்ல இருக்கவங்க எல்லாருக்கும் அவங்க தேவை தெரிஞ்சிடும்னு சொல்ல முடியாது. ரெண்டும் வேணும், கமிட்டியில நீங்க, பொறுப்புல அந்த டீச்சர்.

வீல்சேர் புதுவயல்:
எங்கம்மாவும் எனக்கு என்ன வேணும்னு தெரியும்னு சொல்லித்தான் என்னைப் பத்தாவதோட நிறுத்துனாங்க டீச்சர். கூடவே இருக்கிறதால மட்டும் எல்லாம் தெரிஞ்சிடாது. ஆனா உங்க டீச்சருக்கு என் ஓட்டு உண்டு.

பள்ளத்தூர்க்காரன்:
நான் ஒரு வழி சொல்றேன். அவங்க தலைவரா வரட்டும், ஒரு வருசம் பாப்போம், செக்குல பொருளாளரோட சேத்து ரெண்டு கையெழுத்து.

கல்லல் டீச்சர்:
ரெண்டு கையெழுத்து சரிண்ணே, அது யாரு வந்தாலும் நல்லதுதான். ஒரு வருசம் பாப்போம்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன், போன தலைவருக்கு அப்படி யாரும் சொல்லல. ஆள் எடுக்குறது, பட்ஜெட் ரெண்டும் அவங்க கையில இருக்கணும், வகுப்புக்கு இன்னொரு டீச்சர் போடணும். பொதுக்குழுல இதையே எழுத்துல வைக்கிறேன்.

வீல்சேர் புதுவயல்:
பொதுக்குழு எங்க வைக்கிறாங்கன்னு கேட்டு சொல்லுங்க டீச்சர். போன தடவ மாதிரி மாடி ஹால்ல வச்சா என்னால வர முடியாது.