மறைமாவட்டக் கோப்புகளை அழியவிடாமல் காப்பது எப்படி? உதவுங்கள்

கத்தோலிக்கக் குருக்களால் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறாரின் குடும்பங்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதிவருகிறோம். வழக்கறிஞர்களும் திருச்சபைச் சட்டம் படித்தவர்களும் கைகொடுக்க வேண்டும்.

ஆயரிடம் (மறைமாவட்டத்தின் தலைவரான பிஷப்பிடம்) சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். திருச்சபை ஒரு குருவுக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்சத் தண்டனை, குருத்துவ நிலையிலிருந்து நீக்குவதுதான். சிறைக்கு அனுப்ப அரசு நீதிமன்றத்தால்தான் முடியும். அதனால் முதலில் காவல்துறையில் புகார், பிறகு மறைமாவட்டத்துக்கு அதன் நகல் என்றே எழுதியிருக்கிறோம். வழக்குக் கோப்பைக் கேட்டால் 'ரோமின் இரகசியம், தர இயலாது' என்று மறைமாவட்டம் சொல்லும் பதில் இனி செல்லாது. 2019 டிசம்பரில் போப் பிரான்சிஸ் இவ்வழக்குகளுக்கு அந்த இரகசியக் காப்பை நீக்கிவிட்டார். பாவசங்கீர்த்தன (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்) இரகசியம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் அது அங்கே கேட்டதற்குத்தான் பொருந்தும், அலுவலகக் கோப்புக்கு அல்ல.

எங்களை உறுத்துவது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் பிரிவு 489. ஒழுக்கம் சார்ந்த குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்துவிட்டாலோ, தீர்ப்பாகிப் பத்து ஆண்டுகள் கடந்தாலோ, மறைமாவட்டத்தின் இரகசியக் காப்பகத்திலுள்ள ஆவணங்களை அழித்துவிடச் சொல்கிறது; சுருக்கமும் இறுதித் தீர்ப்பும் மட்டுமே மிஞ்சும். சாட்சி வாக்குமூலங்கள் போய்விடும்.

அழிக்காதீர்கள் என்று ஆயருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸின் மாதிரி யாரிடமாவது இருக்கிறதா? கோப்பைக் கேட்டு நீதிமன்றம் எழுதும் கடிதத்தின் வாசகம்? உங்கள் நாட்டில் புகாருக்கான காலவரம்பு என்ன என்பதையும் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் பெயர், ஊர் எதையும் இங்கே எழுத வேண்டாம்.