கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ: தூரமும் பயண நேரமும்

கல்லடியான் (கேள்வி):
யூலை மாதம் என் அம்மா ரொறன்ரோவிலுள்ள தங்கையிடம் தனியாகப் போகிறார். கட்டுநாயக்கவில் இரவு 10.00 மணிக்குப் புறப்பட்டு, டுபாயில் விமானம் மாறி, மறுநாள் காலை 9.30க்கு ரொறன்ரோவை அடைவதாகப் பயணச்சீட்டில் உள்ளது. கணக்குப் பார்த்தால் பதினொன்றரை மணித்தியாலம்தான் வருகிறது. இலண்டனுக்கு நேரே பறந்தாலே ஏறக்குறைய 11 மணித்தியாலம் ஆகிறதே! அம்மாவுக்கு நீரிழிவு, வேளை தவறாமல் இன்சுலின் போட வேண்டியவர் என்பதால் உண்மையான நேரத்தை அறிய விரும்புகிறேன்.

ஆரையம்பதி வாசகர்:
பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சிடப்படும். கோடையில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அங்கே காலை 9.30 ஆகும்போது மட்டக்களப்பில் இரவு 7.00 மணி. ஆகவே மொத்தம் 21 மணித்தியாலம். டுபாய்க்கு ஏறத்தாழ நான்கரை, அங்கே காத்திருப்பு இரண்டரை, மீதி 14 என்று பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மேலைக்காற்று பின்னிருந்து தள்ளுவதால் நீண்ட பறப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்கவிலிருந்து இலண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். ரொறன்ரோ சுமார் 14,000. சுவர்ப்படத்தில் கோடு கிழித்தால் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் கடப்பதுபோல் தோன்றும். பாடசாலைப் பூகோள உருண்டையில் ஒரு நூலை இரு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தால், அது வழுக்கி வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிப் போய்த்தான் நிற்கும். அதுவே மிகக் குறுகிய வழி. பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய கண்கள் விரிவதைக் காண்கிறேன். டுபாய் வழியாகப் போனால் 3,300உம் 11,100உம் சேர்ந்து 14,400 அளவில் வரும். சுற்றுவழி என்று கவலைப்பட வேண்டாம்; கூடுவது 400 கிலோமீற்றர்தான்.

கல்லடியான்:
இருவருக்கும் மிக்க நன்றி. 21 மணித்தியாலம் என்று வைத்து ஏற்பாடுகளைச் செய்கிறேன்.

கல்முனை அக்கா:
தம்பி, 21 என்று வைக்காதீர்கள், 32 என்று வையுங்கள். கல்லடியிலிருந்து கட்டுநாயக்க ஆகாயவழியில் 210 கிலோமீற்றர் அளவே என்றாலும், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுற்றும் வீதி 300 வரை போகும். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டுமென்றால் காலை 11 மணிக்கே வேனில் ஏறிவிட வேண்டும். மேற்கே போவதால் அம்மாவுக்கு அந்த நாள் முப்பத்து மூன்றரை மணித்தியாலமாக நீளும். எந்த ஊசியை எப்போது போடுவது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல், வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். என் அம்மாவின் கைக்கடிகாரத்தை ரொறன்ரோவில் இறங்கும்வரை நம்மூர் நேரத்திலேயே விட்டிருந்தோம். சிறிய அட்டையொன்றில் நம்மூர் நேரப்படி ஊசி வேளைகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒரு வேளையும் தவறவில்லை.