சி70 க்கு பாவிச்ச ஹெட், பிளொக் வாங்குறது: என்னத்தைப் பாத்து எடுக்கிறது?

கோண்டாவில்_சி70:
அண்ணையாக்கள், அப்பான்ர ஹொண்டா சி70 மோட்டச்சைக்கிள் ஒண்டு நிக்குது, பழைய 6 வோல்ட் பொயின்ட் மொடல். இப்ப ஓடேக்க நீலப்புகை தள்ளுது, ஹெட் பக்கம் கடகடெண்டு சத்தம் வேற, டப்பெட் (வால்வ் இடைவெளி) வைச்சுப் பாத்தும் அடங்கேல்ல. திருத்துற கராச்சில ஹெட்டும் (வால்வ் இருக்கிற மேல்பக்கம்) பிளொக்கும் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) மாத்தச் சொல்லுறாங்கள். சாவகச்சேரியில ஒராள் முழு எஞ்சினாவே தாறன் எண்டுறார், சிநேகிதன் ஒருத்தன் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில இருந்து ஹெட், பிளொக் தனியா எடுப்பிக்கலாம் எண்டுறான். முழு எஞ்சின் எண்டா வேலை கெதியா முடியுமெல்லோ?

மண்ணெண்ணைக்காலம்:
தம்பி முதல்ல சைக்கிளின்ர பதிவுப் புக்கை எடுத்துப் பாருங்கோ. அதில எஞ்சின் நம்பர் கிடக்கு, அந்த நம்பர் அடிச்சிருக்கிறது எஞ்சின்ர கீழ்க் கேசில. கேஸ் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சு மாத்தோணும், விக்கிறவரிட்ட அந்த எஞ்சின் வந்த சைக்கிளின்ர கடுதாசி இல்லையெண்டா வீண் அலைச்சல். ஹெட், பிளொக், கிராங் (பிஸ்டன் தள்ளிச் சுத்துற தண்டு) மாத்த அந்தக் கரைச்சல் இல்லை.

மற்றது, எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துப் பழைய எஞ்சின் எண்டா நான் யோசிப்பன். சண்டைக் காலத்தில பெற்றோலுக்குத் தடை இருந்த நேரம் காபரேட்டருக்க ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில தானே எல்லாரும் ஓடினது, எரியாத மண்ணெண்ணை றிங்கைத் தாண்டி கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும், பிளொக்கும் கிராங்கும் அதிலயே தேஞ்சு போச்சு. வெளியால பெயின்ட் அடிச்சு வைச்சிருப்பினம், உள்ளுக்க ஆர் கண்டது.

லேத்_பொடியன்:
அண்ணை சொன்னது சரி. ஹெட்டைக் கையில எடுத்தா முதல்ல கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) சுத்துற ஓட்டையைப் பாருங்கோ. 6 வோல்ட் ஹெட்டில பெயரிங் இல்லை, கேம் நேர அலுமினியத்திலதான் சுத்தும். நகத்தால தடவேக்க கோடு கோடாத் தட்டுப்பட்டா அந்த ஹெட்டை வைச்சிட்டு வாங்கோ, சும்மா தந்தாலும் வேண்டாம். பிளக் புரியையும் பாருங்கோ, 10 மில்லி சின்னப் பிளக் எண்டதால இறுக்கி இறுக்கிப் புரி போனதுகள் கனக்க. பேந்து வால்வைக் கழட்டாம, காத்துப் போய்வாற வாய்க்குள்ள பெற்றோல் ஊத்திக் கொஞ்சநேரம் வையுங்கோ, மற்றப்பக்கம் கசிஞ்சா வால்வ் குந்துற சீற்றை அரைக்கோணும், அது பெரிய செலவில்லை.

பிளொக் எண்டா உள்ளுக்க இருந்த பிஸ்டனையும் கேட்டு வாங்கிப் பாருங்கோ. ஸ்டாண்டட் அளவு 47 மில்லி. பிஸ்டன் தலையில 0.25, 0.50 எண்டு அடிச்சிருந்தா அத்தினை மில்லி பெருப்பிச்சது, இன்னும் போர் பண்ண (குடைஞ்சு பெருப்பிக்க) இடமிருக்கு, 1.00 எண்டு கிடந்தா அதோட சரி, பிறகு உள்ளுக்கப் புது ஸ்லீவ் இறக்கிறதுதான். பிஸ்டனும் றிங்கும் பழசு போடாதேங்கோ.

கோண்டாவில்_சி70:
நன்றி அண்ணை. அப்ப முழு எஞ்சினை விடுறன். 12 வோல்ட் ஹெட் ஒண்டு மலிவாக் கிடைக்குது, அது போடலாமோ? 6 வோல்ட் சாமானுக்கு கண்டபடி விலை சொல்லுறாங்கள்.

லேத்_பொடியன்:
மலிவெண்டு எடுக்காதேங்கோ. உங்கட ஹெட்டைக் கழட்டி அதோட பக்கத்தில வைச்சு ஸ்டட் ஓட்டை, ஒயில் வாற ஓட்டை, கேம், கேஸ்கட் எல்லாம் ஒத்துப் பாத்திட்டுத்தான் காசு குடுக்கோணும்.

மானிப்பாய்_வீதி:
எல்லாரும் ஹெட்டைப் பற்றியே கதைக்கிறியள், ஹெட் ஏன் தேஞ்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. எனக்கெண்டா இது ஒயில் மேல ஏறாத பிரச்சினை மாதிரித்தான் கிடக்கு. கிளச் கவரைக் கழட்டினா கீழ ஒரு வலை இருக்கு, அது சேத்தால அடைச்சிருக்கும், கிளச்சுக்குள்ள சுத்துற பில்டரிலயும் கறுப்பா அப்பிக் கிடக்கும். அதைக் கழுவாம எந்த ஹெட்டைப் போட்டாலும் அதுகும் கெதியிலயே சத்தம் போடும். பிளொக் கழட்டின கையோட பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ரொட்டையும் மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்கோ, பக்கவாட்டில கொஞ்சம் ஆடலாம், மேல கீழ ஆடினா கிராங்கும் போச்சு.

ஹெட் நட்டில ஒண்டுக்குத்தான் செப்பு வாசர் வரும், கழட்டேக்க போட்டோ எடுத்து வையுங்கோ, இடம் மாத்திப் போட்டா ஒயில் கசியும். பூட்டினாப்பிறகு டப்பெட் 0.05 மில்லி, எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க.